ஐந்தாவது ராக்கியும் அலியின் கரங்களும்

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலி சென்னைக்கு வருகை தந்தார். நேரு விளையாட்டரங்கில், தம் இளமைக்காலத் தோழரும் முன்னாள் உலக வீரருமான ஜிம்மி எல்லிஸுடன் காட்சிக் குத்துச்சண்டை ஆடினார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆருடன் அவர் நிற்கும் படங்களைப் பார்த்திராத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. அப்போது அலிக்கு வயது 38. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்து 1967-இல் பட்டம் பறிக்கப்பட்டவர். 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தி அதனை மீட்டவர். 1979-இல் ஓய்வை அறிவித்தவர். சென்னை கண்டது வெற்றிகளையெல்லாம் முடித்துவிட்டு வந்த ஒரு வீரரை என்றே அன்று எல்லாரும் எண்ணினர். அவருடைய வாழ்வின் மிகக் கொடிய அடிகள் அவ்வாண்டின் அக்டோபர் மாதத்தில் காத்திருந்தன.

இந்த அலியை நிழலாகக் கொண்டு ஓர் அமெரிக்கத் திரைப்பட வரிசை எழுந்தது. 1975 மார்ச்சில் சக் வெப்னர் என்னும் மது விற்பனையாளர் அலியோடு பொருதினார். ஒன்பதாம் சுற்றில் அலியைக் கீழே விழச் செய்தார்; பதினைந்தாம் சுற்று முடியச் சில நொடிகளே இருந்தபோதுதான் தோற்றார். அதனைக் கண்ட சில்வெஸ்டர் ஸ்டலோன் எழுதி நடித்த படமே 1976-இல் வெளிவந்த 'ராக்கி'. அதில் வரும் கறுப்பின வீரர் அப்போலோ கிரீடின் சொல்வன்மையும் ஆரவாரமும் அலியிடமிருந்து எடுக்கப்பட்டவை. 1977-இல் ஆஸ்கர் விழா மேடையில் அலி திடீரெனத் தோன்றி, என் கதையைத் திருடிவிட்டாய் என்று ஸ்டலோனிடம் வேடிக்கையாகச் சண்டை பிடித்தார். வேடிக்கையில் உண்மையும் இருந்தது.

மார்க்கக் கல்வி போதிப்போருக்குத் திரைப்பட ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் கேட்கட்டும். அரக்கோணத்தில் நம்மிடம் மாலையில் ஓத வரும் பிள்ளைகள் இந்த வரிசை முழுவதையும் கைப்பேசியில் பார்த்து முடித்திருக்கிறார்கள். நாம் அறியாதிருப்பதால் அவர்கள் பாராதிருக்கப் போவதில்லை. அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது ஒரு செய்தி நம் காதில் விழுந்தது: ஐந்தாவதை மட்டும் விட்டுவிடு, அது குப்பை. உலகமும் அதையேதான் சொல்கிறது. எழுதி நடித்த ஸ்டலோனே பிற்காலத்தில் அதற்குச் சுழியம் மதிப்பெண் அளித்தார். 1985-இல் வந்த நான்காம் பாகம் அமெரிக்காவில் மட்டும் 12 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 1990 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகமோ அங்கு ஏறக்குறைய 4 கோடியோடு நின்றுவிட்டது. முதற்படத்தை இயக்கி ஆஸ்கர் பெற்ற ஜான் அவில்ட்சனே மீண்டும் இயக்கியும் அது காப்பாற்றப்படவில்லை.

அந்தத் தள்ளுபடியை நாம் ஏற்பதற்கில்லை. மற்ற பாகங்கள் மறைத்த ஒன்றை ஐந்தாம் பாகமே வாய்விட்டுச் சொன்னது என்பது நம் கருத்து.

மற்ற பாகங்களின் போக்கை ஒரு பார்வை பார்த்துவிடலாம். முதற்படத்தில் ராக்கி புள்ளிக் கணக்கில் தோற்கிறான். ஆயினும் வீழாமல் நிற்கிறான். 1979-இல் வந்த இரண்டாவதில் வெல்கிறான். அப்படத்தை அலி தம் இல்லத்தில் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுடன் அமர்ந்து பார்த்தார். கறுப்பு மனிதன் மேலானவனாக முடிவது அமெரிக்கா போதிக்கும் பாடத்துக்கு ஒவ்வாது. ஆகவே வெள்ளையன் ஒருவனின் உருவத்தை அவர்கள் உண்டாக்க வேண்டியதாயிற்று என்ற பொருள்படச் சொன்னார். நூறு விமர்சனங்கள் சொல்லாததை அந்த ஒரு பேச்சு சொல்லிவிட்டது. 1982-இல் வந்த மூன்றாவதிலும் நான்காவதிலும் ராக்கி வாங்கும் அடிகளுக்குக் கணக்கில்லை. நான்காவதில் சோவியத் வீரன் அப்போலோவைக் காட்சிப் போட்டியிலேயே அடித்துக் கொல்கிறான். அவனை மாஸ்கோவிலேயே ராக்கி வெல்கிறான். கண் வீங்கும், இரத்தம் வழியும். அடுத்த படத்தில் எல்லாம் ஆறியிருக்கும்.

ஐந்தாம் பாகம் அந்த மாஸ்கோ வெற்றியின் இரவிலேயே தொடங்குகிறது. குளியலறையில் நிற்கும் ராக்கியின் கைகள் நடுங்குகின்றன, நிறுத்த முடியவில்லை. அமெரிக்கா திரும்பியதும் மருத்துவர் மூளையைச் சோதித்து, இனி உனக்கு உரிமம் கிடையாது என்கிறார். கணக்கரின் மோசடியால் செல்வமும் போகிறது. மாளிகை ஏலத்துக்கு வருகிறது. பிலடெல்ஃபியாவின் பழைய ஏழைத் தெருவுக்கே குடும்பம் திரும்புகிறது. இது மிகையான கற்பனை என்றனர். ஜோ லூயிஸின் வரலாறு தெரிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். பன்னிரண்டு ஆண்டுக் காலம் உலகப் பட்டத்தைத் தம் வசம் வைத்திருந்த அந்த மாவீரர், வரிக்கடனில் மூழ்கி, இறுதியில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில் வந்தவர்க்குக் கைகுலுக்கும் வேலையில் அமர்ந்தார்.

ராக்கிக்கு மருத்துவர் கண்டறியும் குறை 'கேவம் செப்டம் பெலுசிடம்' எனப்படுவது. மூளையின் நடுவே இரு மென்தகடுகளுக்கு இடையில் அமைந்த வெற்றிடம் அது. பிறவியிலேயே சிலருக்கு இருப்பதுண்டு. ஆனால் 1973-இல் பிரிட்டனில் கோர்செல்லிஸ் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் இறந்துபோன 15 குத்துச்சண்டை வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து, இத்தகடுகள் சிதைந்து கிழிந்திருப்பதைத் தொடர்ந்து வரும் அடிகளின் அடையாளங்களுள் ஒன்றாக எழுதினர். அதற்கும் முன்னே 1928-இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிபட்டே தள்ளாடும் நிலையடைந்த வீரர்களைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வரைந்திருந்தார். அறிவு இருந்தது, அரங்கம் நிறைந்துகொண்டேயிருந்தது.

இப்போது அலியின் கதைக்குத் திரும்புவோம். சென்னையிலிருந்து அவர் சென்ற சில மாதங்களில், ஓய்வைக் கைவிட்டு லாரி ஹோம்ஸுடன் மோத உடன்பட்டார். 1980 ஜூலையில் மேயோ மருத்துவமனையில் அவரைச் சோதித்தனர். தாமஸ் ஹாசர் 1991-இல் வெளியிட்ட அலியின் வரலாற்று நூலில் அச்சோதனைச் செய்திகள் இடம்பெற்றுள்ளன. விரலால் மூக்கைத் தொடும்போது இலக்குச் சற்றே தவறியது. ஒற்றைக் காலில் துள்ளுவதில் எதிர்பார்த்த சுறுசுறுப்பில்லை. மூளையின் படத்தில் சிறியதொரு கேவம் செப்டம் பெலுசிடம் தென்பட்டது. பிறவி வேறுபாடு என்று அதனைக் குறித்துவிட்டனர். போட்டியைத் தடுக்கும் காரணம் எதுவும் இல்லை என முடித்தனர். நெவாடா மாநிலம் உரிமம் வழங்கியது. கதையில் ராக்கிக்கு மறுக்கப்பட்ட உரிமம், மெய்யான வாழ்வில் அலிக்குக் கிடைத்தது!

1980 அக்டோபர் 2 அன்று லாஸ் வேகாஸில் பத்துச் சுற்றுகள் ஹோம்ஸ் அடித்தார், அலி வாங்கினார். ஹோம்ஸ் முன்பு அலியிடம் பயிற்சித் துணைவராக இருந்தவர். குருவை அடிக்க நேர்ந்த சீடர். பத்தாம் சுற்றின் முடிவில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி போதும் என்று நிறுத்தினார். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று உதவியாளர் பண்டினி பிரவுன் டண்டியின் ஆடையைப் பற்றிக்கொண்டு கெஞ்சினார். அன்பினால் செய்த கெஞ்சல்தான்; அந்த அன்பைத்தான் நாம் அஞ்ச வேண்டும். அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, 1977-இல் எர்னி ஷேவர்ஸுடனான போட்டிக்குப் பின்னரே, சிறுநீரகங்கள் கெட்டு வருவதை எழுத்தில் தெரிவித்து, எவரும் பொருட்படுத்தாமையால் விலகியிருந்தார். ஹோம்ஸுக்குப் பின்னும் அலி ஓயவில்லை. 1981 டிசம்பரில் பஹாமாஸ் தீவில் டிரெவர் பெர்பிக்கிடம் தோற்றே ஒதுங்கினார். 1984-இல் பார்கின்சன் நோய்க்கூறு கண்டறியப்பட்டது. அது அடிகளால் விளைந்ததா, இயல்பாக வந்த நோயா என்பதில் மருத்துவர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. அடிகள் அவருக்கு நன்மை செய்தன என்று மட்டும் எவரும் சொன்னதில்லை.

1990-இல் திரையில் ராக்கியின் கை நடுங்கியபோது மக்கள் அதனை வெறுத்தார்கள். 1996 ஜூலையில் அட்லாண்டாவில் அலியின் கை நடுங்க, ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியபோது அதே மக்கள் கண்ணீர் சிந்தினார்கள். இடையே ஆறே ஆண்டுகள். மெய்யான கைக்கு இரங்கியவர்கள் கதையின் கையை ஏன் பொறுக்கவில்லை? கதையில் அவர்கள் வேண்டியது தண்டனையில்லாத அடி என்பதே நமக்குத் தோன்றும் விடை. நம் தமிழில் 2021-இல் வந்த 'சார்பட்டா பரம்பரை'யும் கதாநாயகனை மதுவில் வீழ்த்துகிறது; ஆனால் இறுதியில் மேடையேற்றி வெற்றியைக் கொடுத்துத்தான் அனுப்புகிறது. வடசென்னையின் வரலாற்றை அவ்வளவு நுட்பமாகத் தீட்டிய படமும் அந்த வெற்றியை விடத் துணியவில்லை.

மார்க்கத்தின் நோக்கு இவ்விடத்தில் தெளிவானது. மல்யுத்தத்துக்கு நம்மில் மதிப்புண்டு. ருகானா என்னும் மல்லரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீழ்த்திய செய்தியை அபூதாவூதில் காண்கிறோம். ஆயின், சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற கருத்தில் அமைந்த அறிவுரை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. முகத்துக்கு அரபியில் வஜ்ஹ். மதிப்பைக் குறிக்கும் வஜாஹத் அதே வேரில் பிறந்த சொல். தமிழிலும் மானக்கேட்டை முகத்தில் அடித்தாற்போல என்றுதானே சொல்கிறோம்? முலாகமா எனப்படும் குத்துச்சண்டையில் முகமே இலக்கு. எதிரியின் மூளை அதிர்ந்து நினைவிழப்பதே முழு வெற்றி. மக்காவில் 1987 அக்டோபரில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு மன்றம், பார்வையிழப்பு, மூளைச் சிதைவு, மரணம் வரையில் கொண்டுசெல்லக்கூடிய இவ்வாட்டம் ஆகாது எனத் தீர்ப்புரைத்தது. அமெரிக்க மருத்துவச் சங்க இதழின் ஆசிரியர் இதனை ஒழிக்க வேண்டும் என்று 1983-லேயே எழுதிவிட்டார். முந்திய நவம்பரில் தென்கொரிய இளைஞர் கிம் டுக் கூ லாஸ் வேகாஸில் அடிபட்டு, நான்கு நாளில் உயிர்நீத்திருந்தார். அலியை நாம் போற்றுவது போருக்குப் போக மறுத்த உறுதிக்காகவும் ஈகைக்காகவும். முட்டியின் வேகத்துக்காகப் போற்றுவோரும் நம்மிடையே உண்டு, அவர்களோடு நமக்கு வழக்கில்லை.

இவ்வளவு சொன்னபின் படத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். டாமி கன் என்னும் இளைஞனை ராக்கி சீடனாக ஏற்கிறான். சொந்த மகனை மறக்கிறான். குத்துச்சண்டை முகவர் ஒருவர் பணத்தைக் காட்டிச் சீடனைப் பிரித்தெடுக்கிறார். இதுவரை நன்று. மகனின் பள்ளிக்கூடச் சண்டைகள் நீளுகின்றன, அவற்றைக் குறைத்திருக்கலாம். பெருங்குறை முடிவில் இருக்கிறது. மேடையில் தடுக்கப்பட்ட ராக்கி தெருவிலே சீடனோடு மோதி வெல்கிறான். உறையும் இல்லை, நடுவரும் இல்லை. பாதிக்கப்பட்ட அதே தலையில் அடிகள் விழுகின்றன. ஆயினும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறான். முதலில் எழுதப்பட்ட கதையில் அச்சண்டைக்குப் பின் ராக்கி இறந்துவிடுகிறான். படப்பிடிப்பின்போது அதனை மாற்றிவிட்டனர். நோயைச் சொல்லத் துணிந்த படம் அதன் விளைவைச் சொல்ல அஞ்சியது. பார்த்தவர்கள் அதிருப்தியடைந்தது நியாயமே. ஆனால் அவர்கள் குற்றம் கண்டது நோயில், அச்சத்தில் அன்று.

2006-இல் வந்த ஆறாம் பாகத்தில் அறுபதை எட்டிய ராக்கி மருத்துவச் சோதனையில் தேறி மீண்டும் மேடையேறுகிறான். மூளைக்கு நேர்ந்தது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதனைப் பாராட்டினார்கள்! 2015-இல் 'கிரீட்' வந்தது. நோயுற்ற முதியவன், அவனிடம் வந்து சேரும் இளைஞன், தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான ஏக்கம்: ஐந்தாம் பாகத்தின் மண்ணிலிருந்தே பிசைந்தெடுத்த உருவம் அது. நோய் மட்டும் புற்றுநோயாக மாற்றப்பட்டிருந்தது. அடிகளால் வராத நோய் என்பதால் இரங்குவதற்கு எளிதாயிற்று போலும். ஸ்டலோனுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

டாமி கன்னாக நடித்தவர் டாமி மாரிசன் என்னும் மெய்யான குத்துச்சண்டை வீரர். படம் வந்த மூன்றாம் ஆண்டில், 1993 ஜூனில், கின்ஷாசாவில் அலியிடம் தோற்ற அதே ஜார்ஜ் ஃபோர்மனைப் புள்ளிக் கணக்கில் வென்று உலகப் பட்டங்களில் ஒன்றைப் பெற்றார். அவ்வாண்டு அக்டோபரிலேயே மைக்கேல் பென்ட் முதற்சுற்றில் அவரை வீழ்த்தினார். 1996-இல் ஒரு போட்டிக்கு முன் நெவாடாவில் நடந்த இரத்தச் சோதனையில் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்து அவருடைய உரிமம் நிறுத்தப்பட்டது. 2013 செப்டம்பரில் தமது 44-ஆம் வயதில் அவர் இறந்தார்.