ஸ்டாக் இல்லையா, காட்டலையா?

புது போன் வருது. பகல் 12 மணிக்கு சேல். 12 அடிச்சு ஒரு நிமிஷம்கூட ஆகலை, 'அவுட் ஆஃப் ஸ்டாக்'. உடனே நம்ம குரூப்ல ரெண்டு கட்சி. "வேணும்னே கொஞ்சமா விடுறாங்க"னு ஒண்ணு. "ஃபேக்டரியில இருந்து அவ்வளவுதான் வந்திருக்கும்"னு இன்னொண்ணு. இந்தியாவில் நடந்த மூணு கதையை வச்சு இதைப் பார்ப்போம்.

முதல் கதை பஜாஜ் சேத்தக். 1972-ல் வந்த ஸ்கூட்டர். புக் பண்ணிட்டு பத்து வருஷம் வரை காத்திருந்தவங்க உண்டு. இதில் மார்க்கெட்டிங் எதுவும் இல்லை. வருஷத்துக்கு எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதற்கே அன்று அரசு லைசன்ஸ் வேண்டும். தட்டுப்பாடு சட்டத்தில் இருந்தது. 1991-ல் லைசன்ஸ் முறை தளர்ந்து, போட்டியும் கூடின பிறகு அந்த நீண்ட காத்திருப்பு பழங்கதை ஆச்சு. ஆனா ஒண்ணு: அங்கே வரிசைனு ஒன்று இருந்தது. பெயர் பதிஞ்சவருக்கு என்றைக்காவது வண்டி வரும்.

இரண்டாவது டாடா நானோ. மேற்கு வங்காளத்தில் சிங்கூர் தொழிற்சாலையை 2008 அக்டோபரில் கைவிட வேண்டியதாச்சு. குஜராத் சனந்த் தொழிற்சாலை திறந்தது 2010 ஜூனில். நடுவில் 2009 ஏப்ரலில் புக்கிங் எடுத்தாங்க. சுமார் 2 லட்சம் பேர் பதிஞ்சாங்க. முதல் ஒரு லட்சம் பேரைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் தேர்ந்தெடுத்தாங்க. இதுவும் சப்ளை பிரச்சினைதான். சனந்தில் வருஷத்துக்கு 2.5 லட்சம் கார் தயாரிக்கலாம். அது தயாரானபோது கேட்க அவ்வளவு பேர் இல்லை. தட்டுப்பாடு தானாகவே ஆசையை வளர்க்கும்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒரு பதில்.

மூன்றாவது ஷாவ்மி. 2014 ஜூலை 22, ஃபிளிப்கார்ட்டில் எம்ஐ 3, விலை ரூ.13,999. முதல் விற்பனை 40 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சது. அடுத்தடுத்த வாரங்களில் சில விநாடிதான். செப்டம்பரில் ரெட்மி 1எஸ், 40,000 போன், 4.2 விநாடி. இந்தக் கணக்கைக் கம்பெனியே பெருமையா வெளியிட்டது.

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. புது நாடு. சரக்கு சீனாவிலிருந்து தவணை தவணையா வரணும். லாபம் குறைவு. விற்காத போனின் மதிப்பு மாசா மாசம் இறங்கும். அதனால கொஞ்சமா கொண்டுவந்தது புத்திசாலித்தனம். ஆனா வாங்கணும்னா முன்னாடியே பதிவு செய்யணும்னு விதி இருந்தது. யாருக்கு வேணும்ங்கிற பட்டியல் கையில் இருந்தது! அதை வரிசையா மாற்றியிருக்கலாம், நானோ மாதிரி குலுக்கியிருக்கலாம்.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். பட்டியலில் குலுக்கல் போடுறது பத்து வரி கோட். ஒரே விநாடியில் லட்சம் பேர் முட்டுற பக்கத்தை விழாமத் தாங்க வைக்கிறதுதான் நிஜமான தலைவலி. சுலபமான வழி இருக்கும்போது ஒருத்தர் கஷ்டமான வழியில் போறார்னா, அதில் அவருக்கு ஏதோ ஆதாயம் இருக்கு. 2015 ஆகஸ்டில் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் உற்பத்தி தொடங்கியது. அப்புறமும் ஃபிளாஷ் சேல் நிற்கலை. 2019-ல் வந்த ரெட்மி நோட் 7-ம் அப்படித்தான் விற்றது.

என் முடிவு இது: சரக்கு குறைவா இருக்கிறது பெரும்பாலும் சப்ளை. அந்தக் குறைவை எப்படிப் பங்கு போடுறாங்க என்பதில்தான் மார்க்கெட்டிங் இருக்கு.

இதில் யாருக்கு நஷ்டம்? எங்க ஊர் கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மலைக்கு மேல சரக்கு வரணும். லேட்டாகும்னு சொன்னா எங்க ஆளுங்களுக்குப் புரியும், காத்திருப்பாங்க. வரிசையில் அவங்களுக்கும் சென்னைக்காரருக்கும் ஒரே மரியாதை. குலுக்கலிலும் அப்படித்தான். 4 விநாடி விற்பனையில், ஒரு கோடு சிக்னல் வச்சிருக்கிறவருக்குப் பக்கம் திறக்கிறதுக்குள்ள கடை மூடியிருக்கும். அவர்கிட்ட காசு இருக்கு, பொறுமையும் இருக்கு. அங்கே விலை கேட்கப்படுறது வேகத்துக்கு.

அடுத்த தடவை 'அவுட் ஆஃப் ஸ்டாக்' பார்த்தா, எத்தனை போன் வந்ததுன்னு மட்டும் கேட்காதீங்க. காத்திருக்கத் தயாரா இருக்கிறவர் பெயரை எழுதிக்க ஒரு இடம் வச்சிருக்காங்களான்னு பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.