அல்-கலீயும் 'கே' என்னும் எழுத்தும்

ஆதம் நபி (அலை) அவர்களுக்குப் பொருள்களின் பெயர்கள் கற்பிக்கப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். ஒரு பொருளின் பெயரை அறிவது அப்பொருளை அறிவதன் முதற்படியாகும். வேதியியலின் வரலாறும் இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

பொட்டாசியத்துக்கு 'கே' என்றும் சோடியத்துக்கு 'என்ஏ' என்றும் நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்கின்றனர். ஆங்கிலப் பெயரில் இல்லாத எழுத்துகள் குறியீட்டில் நுழைந்தது எவ்வாறு? விடை அரபு மொழியில் இருக்கின்றது.

நம் கடற்கரையின் உமரியைப் போன்ற உவர்நிலச் செடிகளை எரித்துப் பெற்ற சாம்பலை அரபியர் 'அல்-கலீ' என்றனர். அச்சாம்பலையும் ஸைத்தூன் எண்ணெயையும் கொண்டே நாபுலுஸ் நகரத்தார் சவர்க்காரம் காய்ச்சினர். எகிப்தின் உப்பேரிகளில் கிடைத்த காரம் 'நத்ரூன்' எனப்பட்டது. கி.பி. 925 அளவில் மறைந்த அர்-ராஸீ தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் கனிமப் பொருள்களை ஆறு வகைகளாகப் பிரித்தார்.

எனினும், பழைய பெயர்கள் பொருளின் தோற்றத்தையோ பிறந்த இடத்தையோ கூறினவேயன்றி, அதன் உட்கூறுகளைக் கூறவில்லை. கடலோரச் செடியின் சாம்பலில் மிகுந்திருப்பது சோடியம் கார்பனேட். மரச்சாம்பலில் மிகுந்திருப்பது பொட்டாசியம் கார்பனேட். இரண்டும் ஐரோப்பாவில் 'அல்கலி' என்ற ஒரே பெயரால் வழங்கின. கடலுப்பின் காரம் வேறு, மரச்சாம்பலின் காரம் வேறு என்பதை 1736இல் பிரெஞ்சு அறிஞர் துஹமேல் காட்டினார்.

1787இல் லவாய்சியர், குய்தோன் தெ மொர்வோ, பெர்த்தோலே, ஃபூர்குருவா ஆகிய நால்வரும் பாரிஸில் புதிய பெயரீட்டு முறையை வெளியிட்டனர். சேர்மத்தின் பெயரே அதன் சேர்க்கையை உரைக்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. 'சல்பைட்' என்றால் ஆக்சிஜன் குறைவு. 'சல்பேட்' என்றால் மிகுதி.

1797இல் ஜெர்மானியர் கிளாப்ராத் மரச்சாம்பலின் காரத்துக்குக் 'காலி' என்றும், மற்றதற்கு 'நாட்ரோன்' என்றும் பெயர் வகுத்தார். 1807இல் டேவி மின்சாரத்தால் இரு உலோகங்களையும் பிரித்தெடுத்தார். 1813-14இல் எழுத்துக் குறியீட்டு முறையை வகுத்த சுவீடன் நாட்டு பெர்ஸீலியஸ், பின்னர் காலியம், நாட்ரியம் என்னும் பெயர்களின் எழுத்துகளையே அவற்றுக்கு உரியனவாக்கினார்.

குறியீடுகள் இணைந்தால் வாய்பாடு. சோடியத்தின் இணைதிறன் 1. கார்பனேட் தொகுதியின் இணைதிறன் 2. ஆதலால் ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு சோடியம் வேண்டும். 'என்ஏ2சிஓ3' என எழுதுகிறோம். காரணம் விளங்கிவிட்டால் மனப்பாடச் சுமை குறையும்.

இவ்வரலாற்றில் ஒரு விந்தையும் உண்டு. சோடியம் மிகுந்த சாம்பலுக்கு அரபியர் இட்ட பெயர் இன்று பொட்டாசியத்தின் மீது நிற்கின்றது! 'நத்ரூன்' என்பதும் பண்டை எகிப்திலிருந்து கிரேக்கத்தின் வழியே அரபுக்கு வந்த சொல்லேயாகும்.

எல்லாம் நம்மவர் கண்டதே என்று பெருமை பேசுவது வரலாறு ஆகாது. நம்மவர் பங்கை மறைப்பதும் நீதி ஆகாது. சொல்லைத் தந்தவர் அரபியர். அதனை ஒழுங்குக்குள் அமைத்தவர் ஐரோப்பியர். இரண்டையும் நம் பிள்ளைகளுக்கு உள்ளவாறே எடுத்துரைப்போமாக.