உடுப்பின் உட்புறம்

மொன்றியலின் மைல் எண்ட் பகுதியில், சென் லோறன் வீதி 5505ஆம் இலக்கத்தில், செங்கல்லால் கட்டிய பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் பெக் என்பவரின் ஆடைத் தொழிற்சாலைக்காக எழுப்பியது. இன்றும் அதற்குப் பெக் கட்டடம் என்றுதான் பெயர். 1997இல் பிரான்ஸ் நாட்டு யுபிசொஃப்ட் நிறுவனம் அதற்குள் குடிவந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல், அந்த நிறுவனத்தின் மொன்றியல் பிரிவு ‘அசாசின்ஸ் கிரீட்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகன், நெற்றிவரை இறங்கும் கூரிய முக்காடு வைத்த வெள்ளை அங்கியும் இடுப்பில் சிவப்புப் பட்டியும் அணிந்தவன். அந்த அங்கியைத் தைத்து உடுத்தியவர்கள் இல்லாத கொஸ்பிளே கூட்டத்தைக் காண்பது அரிது. ஒரு காலத்தில் உடுப்புத் தைத்த கட்டடம், பிறகு உடுப்பைத் திரையில் வரைந்து அனுப்பியது. அதைத் திரும்பவும் துணியாக்க, பல நாடுகளில் பிள்ளைகள் தையல் மெசினின் முன்னால் உட்கார்ந்தார்கள். எங்கள் பிள்ளைகளும்தான்.

கதைகளில், படங்களில், விளையாட்டுகளில் வரும் பாத்திரத்தின் உடுப்பைத் தானே தைத்து, அந்தப் பாத்திரமாக நிற்பது கொஸ்பிளே. எங்கள் பெரியவர்கள் அதைப் பார்த்தவுடன் ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டியின் இறுதியில் நடக்கும் வினோத உடைப் போட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். பிழையில்லை, உறவு உண்டு. ஆனால் வினோத உடைப் போட்டியில் ‘யார் தைத்தது?’ என்று எவரும் கேட்டதில்லை. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மொன்றியலின் வரலாறு கொஞ்சம் வேறுமாதிரித் தெரிகிறது.

இந்த நகருக்கு மாறுவேடம் புதிதல்ல. 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆதரைக் கௌரவிக்க, விக்டோரியா சறுக்குத் திடலில் மாறுவேடப் பனிச்சறுக்கு விழா ஒன்று நடந்தது. அக்காலத்துக் கமராவால் நகரும் கூட்டத்தைப் படம்பிடிக்க முடியாது. அதனால் புகைப்படக் கலைஞர் வில்லியம் நொட்மன், விழாவுக்கு வந்தவர்களை அதே உடுப்போடு தமது நிலையத்துக்கு அழைத்தார். ஒவ்வொருவராகப் படமெடுத்து, அவர்களின் உருவங்களை வெட்டி, வரைந்த பனித்திடல் ஒன்றின்மேல் ஒட்டி ஒரே படமாக்கினார். அந்தப் படம் இன்று மக்கோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய கொஸ்பிளேக்காரர்கள் படமெடுப்பவரிடம் நேரம் குறித்துப் போய் நிற்பதற்கு மூத்த முன்னோடி அதுதான் என்று எனக்குப் படுகிறது. நொட்மனின் பதிவேடுகளில், உடுத்தி நின்ற கனவான்களினதும் சீமாட்டிகளினதும் பெயர்கள் உண்டு. அந்த உடுப்புகளைத் தைத்த பெண்கள் யார் என்று கேட்டால் படம் பேசாது.

கொஸ்பிளேயின் தொடக்கம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் சம்பவத்திலும் இதே கதைதான். 1939 ஜூலையில் நியூயோர்க்கில் முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த ஃபொறஸ்ட் அக்கர்மன், எதிர்கால மனிதனைப் போலத் தோளில் மேலாடை பறக்க உள்ளே நுழைந்தார். உலகின் முதலாவது கொஸ்பிளேக்காரர் என்ற பட்டம் பிறகு அவருக்கு வந்து சேர்ந்தது. அவரோடு கூட வந்த மேர்ட்டில் டக்ளஸும் அன்று எதிர்கால உடையில்தான் இருந்தார். இரண்டு உடுப்பையும் திட்டமிட்டவரும் தைத்தவரும் அவரே. ஃபிராங்க் ஆர். போல் சஞ்சிகைகளுக்கு வரைந்த ஓவியங்களையும், 1936இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ படத்தையும் பார்த்து வடிவம் எடுத்தார். 1964இல் அவர் இறந்துபோனார். நீண்ட காலம் ‘அக்கர்மனுடன் வந்தவர்’ என்ற அளவிலேயே அவர் பெயர் நின்றது. கொஸ்பிளே என்ற சொல்லே பிந்தியது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியரான நொபுயுகி தகஹாஷி, உடை, ஆட்டம் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டி ‘கொஸுபுரே’ என்று எழுதினார்.

அந்தக் காலகட்டத்தில்தான் நாங்கள் இங்கு வந்து இறங்கத் தொடங்கினோம். 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு மிரபெல் விமான நிலையத்தால் வந்தவர்கள் பலர். 1986 ஆவணியில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரிலும் ஒரு பகுதியினர் மொன்றியலுக்கு வந்தார்கள். கோற் டே நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் அறைகளைப் பங்குபோட்டுக் குடியிருந்த காலம் அது. பிரெஞ்சும் ஆங்கிலமும் சரியாக வராதவர்களுக்கும் வேலை கொடுத்த இடங்களில் ஒன்று ஷபனெல் வீதி. ஆடைத் தொழில் சென் லோறன் வீதியையும் நகர மத்தியையும் விட்டு 1960களிலும் 70களிலும் வடக்கே நகர்ந்து, அங்கே மாடி மாடியாக அடுக்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் யூதப் பெண்களும் பிரெஞ்சுக் கனேடியப் பெண்களும், பிறகு இத்தாலியர், கிரேக்கர், போர்த்துக்கேயர், ஹெய்ட்டியர் என்று பலரும் அந்தத் தொழிலின் கதிரைகளில் உட்கார்ந்து எழுந்திருந்தார்கள். 1937 சித்திரையில் ஏறத்தாழ 5,000 தையற்பெண்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து இந்த நகரை உலுக்கினார்கள். ரோஸ் பெசோட்டாவும் லேயா ரோபக்கும் அதில் முன்நின்றவர்கள். எங்கள் அம்மாமார் மெசினில் உட்கார்ந்தபோது இந்தக் கதையை அவர்களுக்கு எவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் எல்லாருக்கும் தைக்கத் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். உண்மை கொஞ்சம் சிக்கலானது. அங்கே ஒரு சட்டையை எவரும் முழுதாகத் தைப்பதில்லை. வடிவம் போடுபவர் ஒருவர். அடுக்கடுக்காக விரித்த துணியை வெட்டுபவர் இன்னொருவர். அது பெரும்பாலும் ஆண்களின் வேலை, சம்பளமும் கூட. வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாகப் பெண்களிடம் வரும். ஒருத்திக்குக் கொலர், ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பொக்கற். துண்டுக் கணக்கில் கூலி. பத்து வருடம் கொலர் மட்டுமே தைத்த ஒருவருக்கு அந்தக் கொலர் எந்தச் சட்டையில் போய் உட்கார்ந்தது என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். கை அபாரமாகப் பழகியிருக்கும். ஆனால் திட்டம் என்ற ஒன்றை அவர் கையில் எவரும் கொடுத்ததில்லை.

பிறகு அந்த வேலையும் போனது. ஆடை இறக்குமதிக்கு 1974 முதல் அளவு கட்டிவைத்திருந்த உலக ஒப்பந்த முறை 2005 ஜனவரி முதலாம் தேதியோடு முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே தள்ளாடிக்கொண்டிருந்த ஷபனெல் மாடிகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. வேலை சீனாவுக்கும் வங்காளதேசத்துக்கும் போனது. இலங்கையில் கட்டுநாயக்கா வலயம் 1978 முதலே இயங்கிவந்தது. போர் முடிந்தபின் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறந்தன. இங்கே அக்கா எழும்பிய கதிரையில் அங்கே தங்கச்சி உட்கார்ந்தாள் என்று சொன்னால் அது மிகையல்ல.

ஷபனெல் வெறுமையாகிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2006இல், கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் அனிமே கழக மாணவர்கள் ஒட்டாகுதோன் என்ற விழாவைத் தொடங்கினார்கள். பின்னர் அது பலே டே கொங்க்ரே மாநாட்டு மண்டபத்துக்கு வளர்ந்தது. கோடை விடுமுறையில் அந்த வண்ணக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் வாளும் இறக்கையும் செருகிய பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள்.

உள்ளே நடக்கும் போட்டியை ஒருமுறை உன்னிப்பாகப் பார்க்கவேண்டும். இத்தகைய போட்டிகளில் மேடைக்கு ஏறுமுன் தையல் வேலையைத் தனியாகப் பார்ப்பார்கள். நடுவர் அங்கியின் விளிம்பைப் புரட்டி உட்புறத்தைப் பார்க்கிறார். பிசிறு ஓவர்லொக் செய்யப்பட்டிருக்கிறதா, லைனிங் இழுக்கிறதா, சிப் எங்கே ஒளிந்திருக்கிறது, ஏன் இந்தத் துணி? பதில் சொல்லவேண்டியவர் உடுத்தி நிற்பவர். நொட்மனின் படத்தில் இல்லாதவர், மேர்ட்டில் டக்ளஸுக்குக் கிடைக்காதது, ஷபனெலில் எவரும் கேட்காதது, இங்கே முதல் கேள்வியாக வருகிறது.

அந்தப் பதிலுக்குப் பின்னால் மாதக்கணக்கான திட்டம் இருக்கும். அந்த வெள்ளை அங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அது மனிதன் மேல் ஒட்டிய ஓவியம். அதற்குப் பொத்தானும் இல்லை, உடுத்துவதற்கு வழியும் இல்லை. வழியைத் தைப்பவர் கண்டுபிடிக்கவேண்டும். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று படங்களைச் சேர்க்கிறார்கள். விழா நாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணுகிறார்கள். சென் ஹூபேர் வீதித் துணிக்கடைகளில் ஏறி இறங்கி, பாரமும் விலையும் பார்க்கிறார்கள். வாங்கிய பருத்தியை வெட்டுமுன் கழுவிச் சுருங்கவிடுகிறார்கள். பழைய படுக்கை விரிப்பில் ஒரு மாதிரி தைத்து, அதைப் போட்டு நடந்து, இருந்து, கையை உயர்த்திப் பார்த்துவிட்டுத்தான் நல்ல துணியில் கத்தரிக்கோல் படும். முக்காட்டின் கூர் தொங்காமல் நிற்க உள்ளே கன்வாஸ் வைக்கவேண்டும். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பைக் கட்டியவர்களுக்கு இது விளங்கும். கோழியை மூடும் கரப்பைப் போல் விரிந்து நிற்கும் அந்த உடுப்போடுதான் அரசர் வேடக்காரர் ஆடவேண்டும். உடுப்பின் பாரத்துக்கும் ஆட்டத்துக்கும் கணக்குப் பார்க்காமல் அதைக் கட்டமுடியாது. கூத்தைப் பற்றி எழுதியவர்கள் அண்ணாவியாரைப் பாடினார்கள். உடுப்புக் கட்டியவர் அங்கேயும் ஓரமாகவே நின்றார்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகள் பட்டர்ன் வெட்டுவாள், வெட்டத் தெரியாத அம்மா தைப்பார். தொழிற்சாலையில் அம்மாவுக்குக் கிடைத்த பகுதி கொலர். முக்காட்டுக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள வளைவில் மகளின் தையல் மூன்று தடவை சுருங்கியது. அம்மா குண்டூசிகள் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, துணியை விரலால் வழிநடத்தி ஒரே ஓட்டத்தில் முடித்தார். ஒரு நிமிடமும் ஆகவில்லை.

போட்டிப் படிவத்தில், பிறர் கைபட்ட இடம் இருந்தால் சொல்லவேண்டும் என்று இருந்தது. புள்ளி குறையும் என்று தெரிந்தும் மகள் எழுதினாள்: கழுத்துத் தையல், அம்மா. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “என்ர பேர் என்னத்துக்கு? ஆரும் பாக்கப்போயினமே?” என்றார். பிறகு படிவத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்றார்.