ஃபியூஸ் போகாத ஷார்ட்

ஒரு காலத்தில் காரில் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். அல்லது வயர் கருகி நாற்றம் காட்டிக் கொடுக்கும். எலக்ட்ரீஷியன் டெஸ்ட் பல்பின் ஒரு முனையை பாடி எர்த்தில் மாட்டிக்கொண்டு, மறுமுனையால் வயர் வயராகத் தொட்டுக்கொண்டே போவார். ஹாரனுக்கு ஒரு லைன், வைப்பருக்கு ஒரு லைன் என்று தனித்தனியாக இருந்ததால் பழுதும் அந்தந்த லைனோடு நின்றது.

அந்தச் சௌகரியத்தைக் குலைத்த வேலை 1983-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் தொடங்கியது. ஊவே கீன்கேயும் சகாக்களும் உருவாக்கிய 'கேன்' என்ற தகவல் இணைப்பு, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த, வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.-யின் மாநாட்டில் அறிமுகமானது. அடுத்த ஆண்டே இன்டெல் அதற்கான சிப்பைக் கொண்டுவந்தது. வயரைக் குறைக்கத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் புதிய வசதிகளைச் சேர்ப்பதுதான் முதல் நோக்கம்; வயர் மிச்சமானது உபரி லாபம்.

1990-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் தன் உயர்ரகக் கார்களில் இதைப் பொருத்தியது. 1993-ல் ஐ.எஸ்.ஓ. 11898 தரம் வந்தது. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் பரிசோதனை சாக்கெட்டில் கேன் கட்டாயமானது.

கன்ட்ரோல் யூனிட்டுகள் பேசிக்கொள்ளும் கேன் லைன் என்பது முறுக்கிய இரண்டு கம்பிகள். யாரும் பேசாதபோது இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட், பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். இந்த வித்தியாசம்தான் செய்தி. ஓயாமல் தப்பாகப் பேசும் கன்ட்ரோல் யூனிட் தானே ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் பாஷ் பொறியாளர்கள் உள்ளேயே வைத்திருந்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் அந்த ஏற்பாட்டால் ஒன்றும் ஆகாது: வித்தியாசமே இல்லாதபோது பேச்சு ஏது? ஃபியூஸும் போகாது. மீட்டர் போர்டில் விளக்குகள் எல்லாம் எரியும், ஸ்கேனரில் 'தொடர்பு இல்லை' என்ற பிழைக் குறியீடுகள் வரிசையாக வரும். பாதிக் கடைகளில் நல்ல யூனிட்டுகளைக் கழற்றி மாற்றத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

இங்கே டெஸ்ட் பல்புக்கு வேலையில்லை. 2.5 வோல்ட்டில் அது எரியாது, சிக்னலைத்தான் கெடுக்கும். அதன் இடத்துக்கு ஓம் மீட்டர் வந்தது. லைனின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 6, 14-ஆம் பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 என்றால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று ஷார்ட். ஒரு கம்பி பாடியில் படுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 1.5 வோல்ட்டுக்கு இறங்கும் கம்பி எர்த் ஆனால், மற்றது மட்டும் ஆடிக்கொண்டிருக்க, சில வண்டிகள் குறையே இல்லாததுபோல ஓடும். அதை அலைக்காட்டியிலும் பிடிக்கலாம்.

பிறகு பழைய பொறுமைதான். யூனிட்டுகளின் கனெக்டரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மீட்டர் எங்கே துள்ளுகிறது என்று பார்ப்பது. கடைசி வரை துள்ளாவிட்டால் கோளாறு வயரில்: பிராக்கெட்டில் உரசித் தேய்ந்த இடம், சீட்டுக்கடியில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்த கனெக்டர், பிறகு போட்ட டச் ஸ்கிரீனுக்காகக் கீறி ஒட்டிய ஜாயின்ட். ரெசிஸ்டர் பல வண்டிகளில் லைனின் கோடியில் உள்ள யூனிட்டுக்குள்ளேயே இருக்கும். அதைக் கழற்றிய பிறகு 120 காட்டினால் லைன் அறுந்துவிட்டதாகப் பதற வேண்டியதில்லை. சாக்கெட்டுக்கும் உள் லைன்களுக்கும் நடுவே கேட்வே என்ற இடைநிலை யூனிட் வைத்த புதிய கார்களில் சாக்கெட்டில் கிடைக்கும் 60 ஓம் கேட்வே வரைக்கும்தான் செல்லும். அதற்கு அப்பால் உள்ள லைன்களை அந்தந்த இடத்திலேயே போய் அளந்தாக வேண்டும்.