பட்டாணி வரத்து: இறக்குமதியோடு ஏறி இறங்கும் பயறு, எல்லைக் கிராமங்களில் நிலைத்து நிற்கும் அவரையும் துவரையும்

தமிழகத்திலிருந்து வாளையார், வேலந்தாவளம் வழியாகப் பாலக்காட்டுக்கும், குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கிக்கும் செல்லும் மளிகைச் சரக்கில் உலர் பட்டாணியும் ஒன்று. புட்டுக்கும் ஆப்பத்துக்கும் துணையாகும் பட்டாணிக் கறி கேரளத்தின் சிற்றுண்டிக் கடைகளில் அன்றாட உணவு. எல்லைக்கு இப்பால் அதே பயறு சுண்டலாகிறது. ஆயினும் இரு மாநிலச் சமவெளிகளிலும் பட்டாணி பெரிய அளவில் விளைவதில்லை. குளிர்ந்த பருவத்தை நாடும் இப்பயிர், பூக்கும் காலத்தில் வெப்பம் மிகுந்தால் காய்ப்புக் குறைந்துவிடும். எனவே உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களையும் கடல் கடந்து வரும் சரக்கையும் சார்ந்தே தென்னக நுகர்வு அமைந்துள்ளது.

ஒரு நாட்டில் ஒரு பயறு எவ்வளவு உண்ணக் கிடைக்கிறது என்பதை ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 'உணவு இருப்புநிலை' என்ற கணக்கின் மூலம் மதிப்பிடுகிறது. உள்நாட்டு உற்பத்தியுடன் இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, கையிருப்பின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்து, விதை, கால்நடைத் தீவனம், சேதாரம் ஆகியவற்றை நீக்கியபின் எஞ்சுவதை மக்கள்தொகையால் வகுப்பது இதன் முறை. கிடைக்கும் எண் சராசரி மட்டுமே. யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்பதை அது சொல்லாது. இக்கணக்கில் 'பட்டாணி' என்பது உலர் பட்டாணியையே குறிக்கும். ஆண்டுக்கு 50 லட்சம் டன்னுக்கும் மேல் இந்தியாவில் விளையும் பச்சைப் பட்டாணி காய்கறிப் பிரிவில் சேர்க்கப்படுகிறது. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர், இந்தியா பட்டாணியில் தன்னிறைவு பெற்றுவிட்டதாகக் கருத இடமுண்டு. உண்மை வேறு.

உலர் பட்டாணியின் உள்நாட்டு விளைச்சல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் அளவிலேயே உள்ளது. 145 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு முக்கால் கிலோகூட வராது. மீதத்தை நிர்ணயிப்பது இறக்குமதி. இறக்குமதியை நிர்ணயிப்பது மத்திய அரசின் ஆணை.

2016-17 நிதியாண்டில் 30 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பட்டாணி இந்தியத் துறைமுகங்களில் இறங்கியது. முதன்மை விற்பனையாளர் கனடா. அதே காலத்தில் உள்நாட்டுக் கொண்டைக்கடலை, துவரை விளைச்சலும் பெருகியதால் விலை சரிந்தது. 2017 நவம்பரில் பட்டாணி மீது 50 சதவீதச் சுங்கத் தீர்வை விதிக்கப்பட்டது. 2018இல் அளவுக் கட்டுப்பாடு வந்தது. 2019 டிசம்பரில் கிலோவுக்கு ரூ.200 என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையும், கொல்கத்தா துறைமுகம் வழியாக மட்டுமே சரக்கு வரலாம் என்ற நிபந்தனையும் சேர்ந்தன. அந்த விலைக்குப் பட்டாணி வாங்க யாரும் முன்வர மாட்டார்கள் என்பது தெரிந்தே இட்ட நிபந்தனை அது. அடுத்த சில ஆண்டுகளுக்கு இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது.

2023இல் நிலைமை தலைகீழானது. பருவமழை குறைந்து பருப்பு விலைகள் உயர்ந்த நிலையில், அவ்வாண்டு டிசம்பர் 8 முதல் மஞ்சள் பட்டாணிக்குத் தீர்வையற்ற இறக்குமதி அனுமதிக்கப்பட்டது; விலை, துறைமுக நிபந்தனைகளும் விலக்கப்பட்டன. முதலில் 2024 மார்ச் வரை என அறிவிக்கப்பட்ட சலுகை, மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2024-25இல் சுமார் 22 லட்சம் டன் பட்டாணி வந்து சேர்ந்தது. கனடாவுடன் ரஷ்யாவும் முன்னணி விற்பனையாளராக உயர்ந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு ஒன்றரை கிலோ என்ற அளவு இது. அதாவது உள்நாட்டு விளைச்சலைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

கொண்டைக்கடலையை விட மலிவான மஞ்சள் பட்டாணி, மாவாகவும் பருப்பாகவும் அதன் இடத்தை எளிதில் பிடித்துக்கொள்கிறது. பஜ்ஜிக்கும் பக்கோடாவுக்கும் வாங்கும் கடலை மாவில் பட்டாணி மாவு கலப்பதும் புதிதல்ல. இதனால் நுகர்வோருக்கு விலை தணிந்தது. கடலை, துவரை பயிரிட்டோருக்கு விலை வீழ்ந்தது. விவசாய அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதன்பின் 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீதத் தீர்வை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

எல்லையில் விளைவது

இடுக்கி மாவட்டத்தில் கொடைக்கானல் மலைத்தொடரை ஒட்டிய வட்டவடையும், மறையூரை அடுத்த காந்தளூரும் கேரளத்தின் குளிர்நிலக் காய்கறிப் பகுதிகள். கோவிலூர், கொட்டாக்கொம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு ஆகிய ஊர்களின் படிக்கட்டு வயல்களில், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீன்ஸ், வெள்ளைப்பூண்டு பயிரிடுகின்றனர். பட்டாணியும் விளையக்கூடிய தட்பவெப்பம்தான். ஆனால் இங்கு விளைவது காயாகவே விற்றுத் தீர்ந்துவிடும். ஓணச் சந்தையைக் கருதி விதைக்கும் சிறு விவசாயி, காய் முற்றி உலரும் வரை நிலத்தை விட்டுவைப்பதில்லை. பருப்பு வகையில் வட்டவடைக்குப் பெயர் தேடித் தந்தது பட்டர் பீன்ஸே.

பாலக்காட்டின் எல்லையில் நிலை வேறு. மழை மறைவுப் பகுதியான கிழக்கு அட்டப்பாடியில் இருளர் உள்ளிட்ட பழங்குடியினர் ராகி, சாமை, தினையுடன் துவரையையும் அவரையையும் ஊடுபயிராக வளர்த்து வந்தனர். தானியமும் பயறும் ஒரே நிலத்தில் விளைந்து ஒரே அடுப்பில் வெந்தன. நிலம் கைமாறியதும், அரிசியை மையமாகக் கொண்ட ரேஷன் முறை நிலைபெற்றதும் அந்த இணைப்பைக் குலைத்தன. 2013இல் அட்டப்பாடியில் ஊட்டச்சத்துக் குறைவோடு தொடர்புடைய குழந்தை இறப்புகள் நாடெங்கும் பேசப்பட்டன. அதன்பின் சிறுதானிய மீட்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆட்டுக்கொம்பு போல் வளைந்த காய்களையுடைய அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரையும், அட்டப்பாடித் துவரையும், காந்தளூர் வட்டவடை வெள்ளைப்பூண்டும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளொன்றுக்கு 85 கிராம் பருப்பு வகைகளைப் பரிந்துரைக்கிறது; ஆண்டுக்கு அது 31 கிலோ. 1961இல் நாளொன்றுக்கு 69 கிராமாக இருந்த தலா இருப்பு, 2001இல் 30 கிராமாகச் சரிந்தது. பின்னர் ஓரளவு மீண்டது. கோதுமையும் நெல்லும் பாசன நிலங்களைப் பிடித்துக்கொள்ள, பயறுகள் மானாவாரிக்குத் தள்ளப்பட்டதே இச்சரிவின் முதற்காரணம். இந்த இடைவெளியில்தான் இறக்குமதிப் பட்டாணி நுழைந்தது.

2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ரூ.11,440 கோடி மதிப்பில் பருப்புத் தற்சார்பு இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-31க்குள் உற்பத்தியை 350 லட்சம் டன்னாக உயர்த்துவது இலக்கு. பதிவு செய்த விவசாயிகளிடமிருந்து துவரை, உளுந்து, மசூர் ஆகியவற்றை ஆதரவு விலையில் முழுமையாகக் கொள்முதல் செய்ய அதில் வகை செய்யப்பட்டுள்ளது. உலர் பட்டாணிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையே அறிவிக்கப்படுவதில்லை. கேரள சப்ளைகோ மானிய விலையில் வழங்கும் 13 பொருள்களில் சிறுபயறு, உளுந்து, கடலை, வன்பயறு, துவரம் பருப்பு ஆகியவை உண்டு; பட்டாணி அதில் இல்லை. தீர்வையில் நேரும் மாற்றம் சில வாரங்களிலேயே வேலந்தாவளம் மளிகைக் கடையின் சில்லறை விலையில் தெரிந்துவிடும்.