ஒரு நிமிடக் காத்திருப்பு

1993, 94 வாக்கிலேயே தானியங்கி நிரல்கள் ஓயாது பக்கங்களைக் கேட்டதில் சிறிய வழங்கிகள் திணறின. எங்கே நுழையலாகாது என்பதைத் தளத்தார் ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கும் முறையை 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்மொழிந்தார். அதுவே ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி.

பெர்ல் 5 மொழிக்கான எல்டபிள்யூபி நிரலகம் 1995இல் உருவானது. 'கெட்' என்று எழுதி முகவரியைத் தந்தால் பக்கம் வந்துவிடும். அதன் தொடக்ககால ஆசிரியர்களுள் கோஸ்டரும் ஒருவர் என்பது கவனத்திற்குரியது. எளிமையைத் தந்த நிரலகம் அடக்கத்தையும் தந்தது: அதன் ரோபோ வகை அக்கோப்பை மதிக்கும், அதே வழங்கியிடம் மீண்டும் கேட்குமுன், நாம் மாற்றாதவரை, ஒரு நிமிடம் காத்திருக்கும்.

கோஸ்டரின் முறை 2022இல் ஆர்எஃப்சி 9309 ஆக ஆவணப்படுத்தப்பட்டது. ஆயினும் அது பூட்டு அல்ல, வேண்டுகோள்தான். மொழி மாதிரிகளுக்காகப் பக்கங்கள் வாரி எடுக்கப்படும் இந்நாளில், அவ்வேண்டுகோளைக் காப்பது நிரல் எழுதுபவரின் கண்ணியம் ஒன்றே.