சாலை தரும் அனுமதி: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அபாய ஓட்டுதல் குறித்து

தமிழ்நாட்டில் சாலைச் சாவு குறித்த முதல் தகவல் அறிக்கை எந்தக் காவல் நிலையத்திலும் ஏறக்குறைய ஒரே வாசகத்தில்தான் எழுதப்படுகிறது: வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதால் மரணம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரம் இத்தகைய பதிவுகளின் கூட்டுத்தொகைதான். 2022இல் நாடு முழுவதும் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் 71.2 விழுக்காட்டினரின் சாவுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அது. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலமே முதலிடம். இந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் கேட்க வேண்டிய கேள்விக்கு முன்பாகவே அது நின்றுவிடுகிறது: முன்பின் அறியாத ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள், ஒரே இடத்தில், ஒரே தவறை, ஆண்டுக்கணக்கில் ஏன் செய்கிறார்கள்? திமிர், அவசரம், பொறுப்பின்மை என்று குணங்களை அடுக்கினால் இதற்கு விடை கிடைக்காது. அபாயமாக ஓட்டும் பழக்கம் ஓட்டுநரின் குணத்தில் மட்டும் விளைவதல்ல. சாலையின் வடிவமும், கூலி கணக்கிடப்படும் முறையும், பிடிபட மாட்டோம் என்ற உறுதியும் சேர்ந்து தரும் அனுமதியில்தான் அது வளர்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

மதுரையிலிருந்து காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி செல்லும் நான்கு வழிச்சாலை சுமார் 128 கிலோமீட்டர் நீளம். முன்பு 45பி என்று அழைக்கப்பட்ட இது இன்று தேசிய நெடுஞ்சாலை 38இன் தென்பகுதி. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கும், இரவில் சென்னைக்கு ஓடும் ஆம்னி பேருந்துகளுக்கும் ஏற்ற வேகத்தில் வடிவமைக்கப்பட்ட சாலை. அது கடந்து போகும் நிலமோ மானாவாரிக் கரிசல். அருப்புக்கோட்டையை ஒட்டிக்கிடக்கும் பாளையம்பட்டி போன்ற ஊர்களில் அன்றாடப் பயணம் என்பது மில்லுக்கு, பள்ளிக்கு, சந்தைக்கு, காட்டுக்கு என்று சில கிலோமீட்டர்தான். அதையும் மக்கள் டிவிஎஸ் எக்ஸெல்லிலோ சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ போகிறார்கள். ஆட்டுக் கிடைகள் ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து மறுபக்கத்துக் காட்டுக்கு மாறுகின்றன. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இருட்டோடு கிளம்பிச் சாலையோரமாக நடக்கிறார்கள். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் உலோகமும் 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் உடலும் ஒரே தாரைப் பகிர்ந்துகொள்ளும் இடம் இது. 2022இல் நாட்டில் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். காருக்குள் இருந்தவர்கள் இவர்களைவிட மிகவும் குறைவு.

வேகம் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரநிலைப்படி, 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் பாதுகாப்பாக நிற்க 60 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும். 80இல் 120 மீட்டர். 100இல் 180 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் தூரம் மூன்று மடங்காகிறது. ஓட்டுநர் ஆட்டையோ ஆளையோ கண்டு பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால் கழியும் இரண்டரை வினாடிக்குள்ளேயே, 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஏறத்தாழ 70 மீட்டர் ஓடிவிடும். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ச்சேத விபத்துகள் ஏறக்குறைய 4 விழுக்காடு கூடும் என்பது ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் நில்சனின் கணக்கீட்டிலிருந்து உலகெங்கும் ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஆயினும் 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு வேக வரம்புகளை உயர்த்தியது. நடுவே தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் கார் 100, சரக்கு வாகனமும் இருசக்கர வாகனமும் 80 வரை போகலாம் என்றானது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த அறிவிக்கையை ரத்து செய்தபோது, சாவுகளுக்கு முதன்மைக் காரணம் வேகம் என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டு வரம்பை உயர்த்துவது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி எழுந்தது. ஆகவே வேக அனுமதி என்று நாம் சொல்வது வெறும் உருவகமல்ல. சட்டப்படியே அது வழங்கப்பட்டிருந்தது.

உள்ளூர்க்காரர்களின் தவறு என்று உடனே சுட்டிக்காட்டப்படுவது ராங் சைடு. அதையும் குணக்கேடாகப் பார்ப்பதற்கு முன் தூரத்தை அளக்க வேண்டும். காட்டுப் பாதையிலிருந்து நான்கு வழிச்சாலையில் ஏறுகிறவர் வலப்பக்கம் அரைக் கிலோமீட்டரில் இருக்கும் தன் ஊருக்குப் போக வேண்டும். சென்டர் மீடியனில் திறப்பு இடப்பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விதிப்படி போனால் மூன்றரைக் கிலோமீட்டர், எதிர்த்திசையில் போனால் அரைக் கிலோமீட்டர். பின்னால் புல்லுக்கட்டும் முன்னால் குழந்தையுமாக எக்ஸெல்லில் இருக்கும் ஒருவருக்கு அந்த மூன்று கிலோமீட்டர் பெட்ரோல் செலவு மட்டுமல்ல; கண்டெய்னர் லாரிகளோடு கூடுதலாகக் கழிக்க வேண்டிய நேரமும்கூட. அவர் சாலையோர வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் வருகிறார். இது ஆபத்தானதே, 2022இன் சாவுகளில் 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானவை எதிர்த்திசை ஓட்டத்தால் நேர்ந்தவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவும் அதை அபாய ஓட்டுதலாகவே வகைப்படுத்துகிறது. ஆனால் இருபுறமும் அணுகுசாலை தொடர்ச்சியாக இருந்தால் நாளையே இந்தக் குற்றத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். போதனை இல்லாமலே மறையக்கூடிய ஒன்றைக் குணம் என்று அழைப்பது சரியல்ல.

லாரியிலும் பேருந்திலும் அனுமதி வேறு வழியில் வருகிறது. டிப்பர் ஓட்டுநருக்கும் குட்டி யானை ஓட்டுநருக்கும் பெரும்பாலும் நடைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கூடுதலாக ஒரு நடை அடித்தால் அன்றைய வருமானம் கூடுகிறது. டிப்போவிலோ குவாரியிலோ வரிசையில் காத்திருந்து இழந்த நேரத்தை யாரும் ஈடுசெய்வதில்லை, சாலையில்தான் அதைப் பிடிக்க வேண்டும். தனியார் பேருந்தில் டைமிங்கும் வசூல் படியும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. முன்னால் போகும் வண்டியை அடுத்த நிறுத்தத்துக்குள் முந்தினால் அங்கே நிற்கும் கூட்டம் தனக்கு. முந்தாவிட்டால் காலி இருக்கைகள். ஏர் ஹாரனை விடாமல் அழுத்துவது, ஹெட்லைட்டை அடித்தடித்து முன்வண்டியை ஒதுங்கச் சொல்வது, வளைவில் ஓவர்டேக் எடுப்பது எல்லாம் இந்தக் கூலிக் கணக்கின் வெளித்தோற்றங்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றது. ஒரே ஓட்டுநரோடு இரவு முழுவதும் ஓடி விடியற்காலையில் துறைமுக வாசலில் வரிசை பிடிக்கும் லாரிக்கு அந்தச் சட்டம் இருந்ததே தெரியாது.

உட்சாலைகளின் நிலை தனி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போகும் பாதைகளிலும் அவற்றிலிருந்து பிரியும் ஊராட்சிச் சாலைகளிலும் வண்டிகள் குறைவு. அந்த வெறுமையே வேகத்தைக் கூட்டுகிறது. வளைவுகளில் சீமைக்கருவேலம் தார் விளிம்பு வரை கவிந்து எதிரே வருவதை மறைத்துவிடுகிறது. அறுவடைக் காலத்தில் கம்பு, குதிரைவாலி, உளுந்தஞ்செடி ஆகியவற்றைச் சாலையிலேயே பரப்பி, ஓடும் சக்கரங்களால் அடித்துக்கொள்கிறார்கள். காய்ந்த தட்டையின் மேல் இருசக்கர வாகனத்தின் முன்சக்கரம் ஏறினால் பிடிமானம் போய்விடும். பரப்பியவர்கள் அதைச் சுற்றிக் கல்லோ முள்ளோ வைத்திருந்தால், இரவில் விளக்கு மங்கலான வண்டியில் வருகிறவருக்கு அது சுவர். இதை விவசாயிகளின் அலட்சியம் என்று எழுதிவிடுவது எளிது. ஊருக்குப் பொதுவான சிமெண்டுக் களம் இருக்கிறதா, அது எத்தனை வீட்டுத் தானியத்துக்குப் போதும் என்று கேட்ட பிறகே அப்படி எழுத வேண்டும்.

இந்த வாதத்துக்கு எழும் முதன்மையான மறுப்பு, இது ஓட்டுநரின் பொறுப்பைக் கரைத்துவிடுகிறது என்பது. அதே சாலையில், அதே கூலிக்கு நிதானமாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள், அவர்களால்தான் சாவு எண்ணிக்கை இந்த அளவோடு நிற்கிறது. குடித்துவிட்டு ஓட்டியவனையும், நடந்து போகிறவர்மேல் மோதிவிட்டு நிற்காமல் போனவனையும் சட்டம் தண்டிக்கத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒரு பழக்கத்தைக் குறைக்க முனையும் சமூகம், ஒருவர் செய்தது எவ்வளவு குற்றம் என்று கேட்பதோடு, அதே சூழலில் அடுத்து வருகிறவர் என்ன செய்வார் என்றும் கேட்க வேண்டும். நகருக்குள் நெரிசலில் பொறுமையாக ஊர்ந்து வரும் அதே லாரி ஓட்டுநர்தான் ஊர் எல்லை தாண்டியதும் வலது லேனைப் பிடித்துக்கொண்டு பறக்கிறார். ஐந்து நிமிடத்தில் மாறியது அவர் குணமல்ல, சாலை.

இரண்டாவது மறுப்பு, தண்டனையைக் கடுமையாக்கினால் போதும் என்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் அபாய ஓட்டுதலுக்கு முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்கலாம். தமிழ்நாடு 2022 அக்டோபரில் புதிய அபராதங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2023இல் மாநிலத்தில் சாலையில் இறந்தவர்கள் 18,347 பேர். ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து அபராதம் பயனற்றது என்று முடிவுகட்ட முடியாது. ஆனாலும் தொகை உயர்ந்த உடனே பழக்கம் மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, மோதிவிட்டுத் தகவல் தராமல் ஓடுகிறவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பின், அந்த ஒரு பிரிவு மட்டும் நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடும் உறுதியே மனிதர்களைக் கட்டுப்படுத்துகிறது என்பது குற்றவியலின் பழைய பாடம். பகலில் நகர எல்லையில் ஹெல்மெட் சோதனை நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்; இரவு இரண்டு மணிக்குப் பந்தல்குடி அருகே வேகத்தை அளக்க யாரும் இல்லை என்பதும் தெரியும்.

வேகத்தைக் குறைத்தால் சரக்குப் போக்குவரத்து நொடித்துவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. ஊரை ஒட்டிய மூன்று கிலோமீட்டரை 80இல் கடக்க 2 நிமிடம் 15 வினாடி. 50இல் கடக்க 3 நிமிடம் 36 வினாடி. வேறுபாடு 1 நிமிடம் 21 வினாடி. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இப்படிப் பத்து இடங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தினாலும் கூடுவது கால் மணி நேரத்துக்குக் குறைவு. துறைமுக வரிசையிலும் சரக்கு ஏற்றும் இடத்திலும் அதைவிட எத்தனையோ மடங்கு நேரம் வீணாகிறது. அங்கே சேமிக்க வேண்டியதைக் கிராமத்து ஆட்களின் உயிரைப் பணயம் வைத்துச் சாலையில் சேமிக்கிறோம்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு இந்தச் சாலையிலேயே கருவி இருக்கிறது. எலியார்பத்தியிலும் புதூர் பாண்டியாபுரத்திலும் சுங்கச்சாவடிகள் உள்ளன. 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால், ஒரு வண்டி இரண்டையும் எப்போது கடந்தது என்பது ஏற்கெனவே பதிவாகிறது. இடைத்தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வந்துவிடும். வரம்பு 80 ஆக உள்ள லாரியின் சராசரியே 80ஐத் தாண்டினால் வழியில் அது எந்த வேகத்தில் ஓடியிருக்கும் என்று வாதாட வேண்டியதில்லை. இதற்கு எல்லைகள் உண்டு: வழியில் டீ குடிக்க நின்றவர் தப்பிவிடுவார்; சுங்கம் கட்டாத இருசக்கர வாகனம் கணக்கில் வராது; ஊர் அருகே வேகம் குறைந்ததா என்று தெரியாது. அந்த இடங்களுக்குக் கேமரா வேண்டும். மின்னணுக் கண்காணிப்பைப் பற்றிப் பேசும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவு அதற்காகத்தான் இருக்கிறது. கட்டணம் வசூலிக்கக் கொடுத்த தரவைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தலாமா என்ற ஆட்சேபமும் நியாயமானது. சட்டத்தில் தெளிவாக எழுதி, வேகத்துக்கு மட்டும் என்று வரையறுத்து, குறுகிய காலத்தில் அழித்துவிடும் நிபந்தனையோடுதான் இதைச் செய்ய வேண்டும்.

மற்றொரு கருவி அதே சட்டத்தின் 198ஏ பிரிவு. சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தரநிலையை மீறியதால் சாவோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது இடம் தருகிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் சாலைப் பாதுகாப்புத் தணிக்கையையும் மாவட்டக் குழுக்களையும் வலியுறுத்தியது. ஆயினும் காவல் நிலைய நடைமுறையில் ஓட்டுநர்மேல் வழக்குப் பதிவது வழக்கமாகிவிட்ட அளவுக்குச் சாலையின்மேல் பதிவது வழக்கமாகவில்லை. ஐந்நூறு மீட்டருக்குள் மூன்றாண்டுகளில் பத்துப் பேர் இறந்தால் அந்த இடம் கரும்புள்ளி என்கிறது அமைச்சக வரையறை; பத்தாவது சாவு வரை ஊர் காத்திருப்பதில்லை. சடலத்தோடு மறியல் நடக்கிறது, அன்று மாலையே இரும்புத் தடுப்புகள் வருகின்றன, சில மாதங்களில் ஒளிரும் பட்டை உரிந்த அந்தத் தடுப்புகளே இரவில் இடறுகின்றன.

ஆகவே மாற்றம் முதலில் பதிவில் தொடங்க வேண்டும். சென்னை ஐஐடியும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய விபத்துத் தரவுச் செயலியில் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் ஆகிய நான்கு துறைகளும் பதிவு செய்ய இடமிருக்கிறது. ஓட்டுநர் எத்தனை மணி நேரமாக வண்டியில் இருந்தார், கூலி மாதச் சம்பளமா நடைக் கணக்கா, அருகிலுள்ள மீடியன் திறப்பு எத்தனை மீட்டர், அணுகுசாலை உண்டா, வளைவில் பார்வைத் தூரம் எவ்வளவு ஆகிய ஐந்து விவரங்களையும் ஒவ்வொரு சாவிலும் கட்டாயமாக்க வேண்டும். காவலர்களுக்கு ஏற்கெனவே வேலைச்சுமை அதிகம் என்பது உண்மை; இவற்றில் முதல் இரண்டை வண்டி உரிமையாளரும், கடைசி மூன்றை நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரும்தான் தர வேண்டும், கையெழுத்தோடு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்தக் கையெழுத்து சாட்சியமாக வைக்கப்படும்போது, நடைக் கூலி முறையும் திறப்பை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி வைத்த திட்டமும் வழக்கில் பதில் சொல்ல நேரும்.